வீடும் வண்டியும் வாங்குபொருளும்: மலேசியச் சூழலில் பயனீட்டாளரின் சுற்றுச்சூழல் தேர்வுகள்

முன்னுரை

தொல்காப்பியம் அகவாழ்வை விளக்கப் புகும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. உணவு, மரம், பறவை, தொழில் முதலானவற்றைக் கருப்பொருள் எனக் கொண்டு அடுத்த நிலையில் வைக்கிறது. ஒரு நிலத்து மக்கள் எதனை உண்பர், எத்தொழிலைச் செய்வர், எவற்றைக் கொண்டு வாழ்வர் என்பன அந்நிலத்தின் இயல்பையும் பொழுதின் இயல்பையும் சார்ந்தே அமையும் என்பது இப்பாகுபாட்டின் உட்கிடை. இலக்கியக் கொள்கையாக நாம் பயிலும் இவ்வரிசைமுறை, இன்று வீடும் மகிழுந்தும் வாங்க முற்படும் பயனீட்டாளருக்கும் பயன்படத்தக்கது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வாங்கல் பற்றிய நமது பேச்சு பெரும்பாலும் துணிப்பையில் தொடங்கி மின்விளக்கில் முடிந்துவிடுகிறது. அதாவது, கருப்பொருளிலேயே தொடங்கிக் கருப்பொருளிலேயே நின்றுவிடுகிறது. ஆயின், ஒரு குடும்பம் இயற்கையின் மீது ஏற்றும் சுமையில் பெரும்பகுதி, அக்குடும்பம் வாழ்நாளில் இடும் மூன்று நான்கு கையொப்பங்களிலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டு ஒப்பந்தம், மகிழுந்துக் கடன் பத்திரம், பெரிய மின்சாதனங்களின் தவணைச்சீட்டு ஆகியவையே அவை. இக்கட்டுரை அத்தேர்வுகளை அவற்றின் விளைவுக்கேற்ற வரிசையில் வைத்து விளக்குகிறது. அத்துடன், இத்தேர்வுகள் எல்லாருக்கும் ஒப்பக் கிடைப்பனவா என்னும் வினாவையும் எழுப்புகிறது.

வீடு: நிலம்

வீடு வாங்க விழைவோர் விலையைக் கேட்கின்றனர்; அறைகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றனர்; மாதத் தவணையைக் கணக்கிடுகின்றனர். அந்த மனை அதற்கு முன் என்ன நிலமாக இருந்தது என்று கேட்போர் சிலரே. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளான் பகுதியில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடித் தொகுதியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். கட்டடத்தின் பின்னே இருந்த மலைச்சரிவே அவ்வழிவுக்கு வழிவகுத்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கியது. அது கிள்ளான் ஆற்றை அடுத்த தாழ்நிலம். இவ்விரு நிகழ்வுகளிலும் வாங்கியோர்மீது பழி சுமத்துதல் முறையன்று. எனினும் சரிவு, ஆறு, சதுப்பு ஆகியவற்றின் இயல்பை மாற்றிக் கட்டப்படும் வீடு இயற்கைக்கு மட்டுமன்றி அதில் குடியேறுவோருக்கும் கேடாகலாம் என்பதற்கு இவை சான்றாகின்றன.

நிலம் என்பது மண்ணை மட்டும் குறிப்பதன்று. பணியிடம், பள்ளி, சந்தை ஆகியவற்றிலிருந்து அம்மனை இருக்கும் தொலைவையும் குறிக்கும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் செலவிடும் மகிழுந்தில் ஒருவர் மாதத்தில் 22 நாள் பணிக்குச் சென்று வருகிறார் எனக் கொள்வோம். போக்கும் வரவும் சேர்ந்து நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் எனில் ஆண்டுக்கு 13,200 கிலோமீட்டர் ஆகிறது, 924 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது, 2.1 டன் கரியமில வாயு வெளியாகிறது. அதே மனிதர் அதே வண்டியில் நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் மட்டும் சென்று வருவாராயின் அச்சுமை ஏறத்தாழ 0.4 டன்னாகச் சுருங்குகிறது. வண்டியை மாற்றாமலே, மனையின் இடத்தால் மட்டும் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. நகருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் வீட்டின் விலையோடு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான எரிபொருளையும் நெடுஞ்சாலைக் கட்டணத்தையும் நெரிசலில் கழியும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியக் கட்டடக் கலைஞர் கழகமும் ஆலோசகப் பொறியாளர் சங்கமும் இணைந்து 2009இல் அறிமுகப்படுத்திய பசுமைக் கட்டடக் குறியீடும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. எரிசக்தித் திறன், உட்புறச் சூழலின் தரம், இடத் திட்டமிடல், கட்டுமானப் பொருள், நீர்ச் சிக்கனம், புத்தாக்கம் என ஆறு கூறுகளில் அக்குறியீடு கட்டடங்களை மதிப்பிட்டுச் சான்றிதழ், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனத் தரம் பிரிக்கிறது. புதிய குடியிருப்புகளுக்கான அளவையில் இடத் திட்டமிடலுக்கே மிகுதியான புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பொதுப் போக்குவரத்துக்கும் அன்றாட வசதிகளுக்கும் அண்மையில் அமையாத வீடு, கூரையில் எத்தனை கருவிகளைப் பொருத்தினாலும் அக்குறையை எளிதில் ஈடுசெய்துவிட இயலாது.

வீடு: பொழுது

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே அமைந்துள்ளது. ஆகவே ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் பெரும்பாலும் கூரையின்மீது விழுகிறது. காலை வெயில் கிழக்குச் சுவரையும் மாலை வெயில் மேற்குச் சுவரையும் சாய்வாகத் தாக்குகின்றன. வடக்கு, தெற்குச் சுவர்கள் ஒப்புநோக்கக் குறைந்த வெயிலையே பெறுகின்றன. ஆதலால் சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைந்த வீடே இந்நாட்டின் பொழுதுக்கு இயைந்தது.

நம்மவரிடையே மனையடி சாத்திரம் பார்த்துக் கிழக்கு வாசல் வீட்டைத் தேடும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் கொண்ட வரிசை வீட்டில் வாசல் கிழக்கு நோக்கினால் சமையலறையும் பின்படுக்கையறையும் மேற்கு வெயிலை ஏற்கும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளுதல் நன்று. கான்கிரீட்டும் செங்கல்லும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. வெளியே காற்று குளிர்ந்த பின்னரும் அறை புழுங்குவது இதனாலேயே. கிழக்கு வாசலை விரும்புவோர் மேற்குச் சன்னலுக்கு நீண்ட இறவாணமும் பின்புறத்தே ஒரு நிழல்மரமும் அமைத்துக்கொண்டால் நம்பிக்கையும் காக்கப்படும், வெப்பமும் குறையும்.

மரபான மலாய்க் கம்பத்து வீடு தூண்கள்மீது உயர்ந்து நின்று, நெடிய சன்னல்களின் வழியே காற்றை உள்வாங்கி, உயர்ந்த கூரையின் வழியே வெப்பத்தை வெளியேற்றியது. இன்றைய வரிசை வீடுகளில் அவ்வழிகள் முன்பே குறுகிவிட்டன. வாங்கிய பின் நாம் செய்யும் புதுப்பிப்புப் பணிகள் எஞ்சியவற்றையும் அடைத்துவிடுகின்றன. சமையலறையைப் பின்சுவர் வரை நீட்டுதல், முன்றிலை முழுவதும் கூரையிட்டு மூடுதல், புல்தரையை அகற்றி ஓடு பதித்தல் ஆகிய மூன்றும் செய்யப்பட்ட வீட்டில் காற்றும் நுழையாது. மழைநீரும் மண்ணில் இறங்காது. அதன்பின் குளிரூட்டி இன்றியமையாததாகிவிடுகிறது. ஆகவே பின்புறத்தில் வானம் பார்த்த சிறு வெளி ஒன்றை விடுதல், கூரையின்கீழ் வெப்பத்தடுப்பு விரிப்பு அமைத்தல், கூரைக்கு வெளிர்நிறம் பூசுதல் ஆகியவற்றைச் செய்த பின்னரே சூரிய ஒளித் தகடு பற்றி எண்ணுதல் முறையாகும். தேவையைக் குறைத்த பின் ஆக்கத்தை நாடுதலே சரியான வரிசை.

மகிழுந்து

1985இல் புரோட்டோன் சாகாவும் 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனத்தின் சிறுவண்டிகளும் மகிழுந்தை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் பொருளாக்கின. இன்று ஒன்பது ஆண்டு வரையிலான தவணையில் வண்டி வாங்கலாம். தவணை சிறிதாகத் தோன்றுவதால் தேவைக்கு மேற்பட்ட வண்டியை வாங்கும் மனப்போக்கும் வளர்ந்துள்ளது.

மேற்கண்ட கணக்கையே தொடர்வோம். ஆண்டுக்கு 13,200 கிலோமீட்டர் செல்பவர், நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் மட்டும் செலவிடும் சிறுவண்டிக்கு மாறினால் அவரது சுமை 2.1 டன்னிலிருந்து 1.5 டன்னாகக் குறைகிறது. அவரே மின்சார மகிழுந்துக்கு மாறினால் என்னவாகும்? அத்தகைய வண்டி நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் கொள்கிறது எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,980 யூனிட் தேவைப்படும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பெறப்படுவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.75 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகச் சுமை மீண்டும் 1.5 டன் அளவிலேயே வந்து நிற்கிறது. மின்கலத்தைச் செய்யவும் எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரிக்கவும் ஆகும் சுமைகள் இக்கணக்கில் சேரவில்லை.

இதனால் மின்சார மகிழுந்து பயனற்றது என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. அது நகரத் தெருக்களில் புகை கக்குவதில்லை. மேலும், மின்கட்டமைப்பு தூய்மையாகுந்தோறும் அதே வண்டி தானே தூய்மையாகிறது. பெட்ரோல் வண்டிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 2023இல் வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின்னாக்கத் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்க இலக்கு கொண்டுள்ளது. வீட்டுக் கூரையின் சூரிய மின்சாரத்தால் வண்டியை ஊட்டுவோருக்கு நன்மை இன்றே கிட்டும். நீர்மின்சாரம் மிகுந்த சரவாக்கில் கணக்கு வேறாகும். ஆயினும் 2,400 மெகாவாட் திறன் கொண்ட பாக்கூன் அணைக்காக ஏறத்தாழ 10,000 பழங்குடி மக்கள் இடம்பெயர்ந்தனர் என்பதையும் அக்கணக்கில் எழுதுதல் வேண்டும். முற்றிலும் சுமையற்ற ஆற்றல் என எதுவும் இல்லை.

இக்கணக்குகள் உணர்த்தும் முடிவு ஒன்றே. வண்டியின் வகையை மாற்றியதால் குறைந்த சுமை 0.6 டன், வீட்டின் இடத்தால் குறைந்த சுமை 1.7 டன். 1996இல் தொடங்கிய எல்ஆர்டி, 2016இல் தொடங்கிய எம்ஆர்டி ஆகிய தொடர்வண்டிச் சேவைகளின் நிலையங்களுக்கு நடந்து செல்லத்தக்க தொலைவில் வீடு அமைந்தால், குடும்பத்தின் இரண்டாவது வண்டியையே தவிர்க்கலாம். வாங்காத வண்டியைவிடச் சிக்கனமான வண்டி வேறில்லை.

மின்சாதனங்கள்

குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, மின்விசிறி முதலானவற்றில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைக் காண்கிறோம். ஐந்து நட்சத்திரம் மிக்க திறனையும் ஒரு நட்சத்திரம் குறைந்த திறனையும் சுட்டும். இம்முத்திரையை வாசிப்பதில் ஒரு பிழை நேர்வதுண்டு. நட்சத்திரங்கள் பொருளின் அளவோடு ஒப்பிட்ட திறனையே காட்டுகின்றன. மொத்தச் செலவைக் காட்டுவதில்லை. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைக் காட்டிலும் கூடுதலாக மின்சாரம் கொள்ளலாம். ஆகவே முத்திரையில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டு மின்நுகர்வு எண்ணையே முதலில் பார்த்தல் வேண்டும். ஒரு பெட்டி ஆண்டுக்கு 500 யூனிட்டும் மற்றொன்று 350 யூனிட்டும் கொள்வதாக வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் வேறுபாடு 1,800 யூனிட் ஆகும். கடையில் மலிவாகக் கிடைத்த பெட்டி அடுக்களையில் விலையுயர்ந்ததாகிவிடுவது இவ்வாறே.

குளிரூட்டியைப் பொறுத்தவரை மின்சாரத்தோடு அதனுள் இருக்கும் குளிர்வாயுவையும் கவனித்தல் வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மொன்றியல் ஒப்பந்தமும் அதற்கு 2016இல் கிகாலி நகரில் செய்யப்பட்ட திருத்தமும் இவ்வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்கின்றன. பழைய குளிரூட்டிகளில் உள்ள ஆர்-22 கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,800 மடங்கும், அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஏறத்தாழ 2,100 மடங்கும் புவியை வெப்பமாக்கவல்லவை. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. வாயுவின் பெயர் கருவியின் ஒட்டுச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விற்பனையாளரிடம் கேட்டும் அறியலாம். பழைய கருவியைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் விட்டுவிடாமல் முறையாக மீட்டெடுக்கும் தொழிலாளரை அமர்த்துதலும் வாங்குபவரின் பொறுப்பே. அரசாங்க அலுவலகங்களில் குளிரூட்டியை 24 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கலாகாது என 2011இல் பணிக்கப்பட்டது. வீடுகளில் அவ்வளவையும் உடன் சுழலும் மின்விசிறியையும் கடைப்பிடித்தால் சிறிய கருவியே போதுமானதாகும்.

அன்றாடப் பொருள்கள்

பினாங்கு மாநிலம் 2009 சூலையில் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பைகளை நிறுத்தியது. 2011இல் அதனை எல்லா நாள்களுக்கும் விரிவுபடுத்தியது. சிலாங்கூரில் நாள்தோறும் ஒரு பைக்கு 20 காசு கட்டணம் விதிக்கும் முறை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இவை நல்ல பழக்கங்களை உருவாக்கின. எனினும் நெகிழிப் பையை மறுத்துவிட்டு, விழாதோறும் இலவசமாகக் கிடைக்கும் துணிப்பைகளை அலமாரியில் குவித்தால் அதனால் பயனில்லை. துணிப்பைக்கும் பருத்தியும் நீரும் ஆற்றலும் செலவாகியுள்ளன. ஒரே பையைப் பல நூறு முறை பயன்படுத்துவதிலேயே அதன் பசுமை அடங்கியுள்ளது.

சமையல் எண்ணெய் இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. பால்மரத் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியதையும், பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானதையும் நம் முந்தைய தலைமுறை கண்ணெதிரே கண்டது. செம்பனைக்காகக் காடுகள் அழிக்கப்பட்டது உண்மை. ஆனால் ஒரே பரப்பில் சோயாவைப்போல் பல மடங்கு எண்ணெய் தரும் பயிரும் செம்பனையே. அதனை அறவே புறக்கணித்தால் வேறொரு நாட்டில் அதனினும் பரந்த நிலம் அழிய நேரலாம். 2004இல் உருவான ஆர்எஸ்பிஓ சான்றிதழும், 2020 முதல் மலேசியத் தோட்டங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எம்எஸ்பிஓ சான்றிதழும் நிலத்தையும் தொழிலாளர் நலனையும் ஒருங்கே கருத்தில் கொள்பவை. புட்டியில் அம்முத்திரைகளைத் தேடுதல், புறக்கணித்தலைக் காட்டிலும் பொறுப்புள்ள செயலாகும்.

உணவு வீணாதலும் பெரிய சிக்கலே. குப்பைமேட்டில் அழுகும் உணவிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமாக்கும் ஆற்றல் கொண்டது. வாங்கும் அளவைக் குறைத்தலே இதற்கு முதல் மருந்து. திருமண விருந்துகளிலும் ஆலய அன்னதானங்களிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களிலும் நெகிழிக் குவளைகளும் தட்டுகளும் குவிவதைக் காண்கிறோம். வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் நமக்குப் புதியன அல்ல. அவற்றைக் கழுவ ஆள் வேண்டும் என்பதே தடை. அக்கூலியைச் செலவுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ஆலய நிருவாகங்கள் முன்வந்தால் ஓராயிரம் தனிமனிதர் செய்வதனை ஒரு தீர்மானம் செய்துவிடும்.

தேர்வு யாருக்கு உண்டு?

இதுகாறும் கூறியவை அனைத்தும் தேர்ந்தெடுக்கும் வசதி உடையோரை நோக்கியனவே. தோட்டத்திலிருந்து பெயர்ந்து மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறிய குடும்பம், சன்னல் எத்திசை நோக்க வேண்டும் என்று எவரிடமும் சொல்ல இயலாது. கையில் உள்ள பணத்திற்குக் கிடைக்கும் பெட்டியையே அது வாங்கும். ஐந்து நட்சத்திரப் பெட்டியின் கூடுதல் விலை பின்னாளில் திரும்பும் என்பது உண்மையே. பின்னாள் வரை காத்திருக்கும் பணம் அதனிடம் இல்லை.

எனினும் பேருந்தில் பணிக்குச் சென்று, ஒரே மின்விசிறியின்கீழ் உறங்கி, பழுதான அரைவையைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் அக்குடும்பத்தின் சுமை, கூரையில் சூரியத் தகடும் வாசலில் மூன்று வண்டிகளும் கொண்ட மாளிகையின் சுமையைவிடக் குறைவாகவே இருக்கும். பசுமை என்பது விலையுயர்ந்த பொருளின் அடைமொழியாக மாறுமாயின் இவ்வுண்மை மறைந்துவிடும். தோட்டப்புறத்துச் சிக்கனம் வறுமையால் விளைந்தது. அதனைப் பெருமையாகப் பாடுதல் பொருந்தாது. ஆனால் அவ்வறுமையிலிருந்து மீண்டோர், வறுமையோடு சேர்த்துச் சிக்கனத்தையும் இழிவென ஒதுக்கிவிட்டனரோ என எண்ணிப் பார்த்தல் தகும்.

தனிமனிதத் தேர்வுக்கு எல்லையும் உண்டு. மின்நிலையத்தில் எரிவது நிலக்கரியா சூரிய ஒளியா என்பதை எவரும் கடையில் தேர்ந்தெடுப்பதில்லை. பேருந்து வராத குடியிருப்பில் மகிழுந்தைத் தவிர்க்குமாறு அறிவுரை கூறுதல் கேலியாகும். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள், வாங்குவோரைத் திருத்துவதோடு நில்லாமல் கொள்கைகளை மாற்றவும் குரல் எழுப்பி வந்தமை இக்காரணத்தாலேயே. பயனீட்டாளர் என்னும் தகுதியோடு குடிமகன் என்னும் தகுதியும் நமக்கு உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேருந்து நிறுத்தம் கோரி எழுப்பும் குரலும் ஒரு சுற்றுச்சூழல் செயலே.

முடிவுரை

வரவு சிறிதாயினும் செலவு விரியாதவரை கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளார். அளந்து வாழ்தலை அவர் கஞ்சத்தனமாகக் காணவில்லை. வலிமையை அறிதலின் ஒரு கூறாகவே கண்டார். இயற்கையின் வரவுக்குள் வாழ விரும்பும் குடும்பம் இவ்வளவையைக் கைக்கொள்ளலாம்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இந்நிலம் முன்னர் என்னவாக இருந்தது, இங்கிருந்து பணியிடம் எவ்வளவு தொலைவு, மாலை வெயில் எச்சுவரில் விழும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். வண்டியும் சாதனமும் வாங்குமுன் இஃது இல்லாமல் இயலுமா, இதனினும் சிறியது போதுமா என்னும் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். துணிப்பையை மறவாமல் எடுத்துச் செல்வது இவற்றுக்கு அடுத்த நிலையில் வரும் நற்பழக்கமாகும். முதற்பொருளைச் சரியாகத் தேர்ந்தால் கருப்பொருள் பெரும்பாலும் தானே சீர்படும்.